கறுப்பு கிரேயானுக்கு அர்த்தம் சொல்லாதீர்கள்

போன மாதம் செங்கோட்டையில் இரண்டு கல்லூரிப் பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படம் வரைகிறார்களாம். நல்ல காரியம். கொண்டுவந்த படங்களைப் புரட்டினேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிவப்பு மையில் ‘பயம்’, ‘கோபம்’, ‘தனிமை’ என்று எழுதியிருந்தது. நானும் ஒரு காலத்தில் இதே வேலையை இப்படித்தான் செய்தேன்; என் பழைய கையெழுத்தையே பார்ப்பதுபோல் இருந்தது.

கிரேயானைத் தின்னவிடாதீர்கள், மெத்தையில் பழைய துணி விரியுங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. இந்த வேலையில் செய்யக்கூடாத தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கை இல்லையே, மூக்கு இல்லையே என்று பதறுவது

மூன்று, நான்கு வயதில் மனிதன் என்றால் ஒரு வட்டமும் அதிலிருந்து இறங்கும் இரண்டு கால்களும்தான். அது வயது, நோயல்ல.

படத்துக்கு நாமே பொருள் சொல்வது

2006. கொல்லத்துக்கு மீட்டர் கேஜ் ரயில் ஓடிய காலம். புளியரைப் பக்கத்துச் சிறுமி ஒருத்தி, ஐந்து வயது, குடலிறக்கம். கொல்லத்தில் பரிசோதனை முடித்து ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாயிற்று. மூன்று நாள் முன்பு அவள் வீட்டுத் திண்ணையில் வரைய உட்கார்ந்தோம். தாள் முழுக்கக் கறுப்பு. கிரேயான் ஒடியும்வரை தேய்த்தாள். மூலையில் மட்டும் ஒரு குட்டி வட்டம், இரண்டு கால்.

நிறங்களின் பொருள் பற்றி எதையோ அரைகுறையாகப் படித்திருந்த நேரம் அது. கறுப்பு என்றால் மரணபயம் என்று அதில் போட்டிருந்தது. பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. நேராக அடுக்களைக்குப் போய், “செத்துப்போய்விடுவோம் என்று உங்கள் பிள்ளை நினைக்கிறாள்” என்று அவள் அம்மாவிடம் சொன்னேன்.

அந்த அம்மா இரவெல்லாம் அழுதார். பாட்டி அதைச் சகுனம் என்றார். அப்பா நாளைத் தள்ளிப்போட்டார். அடுத்த தேதி ஐந்து வாரம் கழித்துத்தான் கிடைத்தது. அதற்குள் ஒரு ராத்திரி குடல் இறங்கிச் சிக்கிக்கொண்டது. ஜீப் பிடித்து ஆரியங்காவு மலைப்பாதையில் ஓடினார்கள். பிள்ளை பிழைத்தாள்; அதில் என் புண்ணியம் எதுவும் இல்லை.

தையல் பிரித்த பிறகு பார்க்கப் போனேன். பழைய தாளை விரித்து, “இதைப் பற்றிச் சொல்லேன்” என்றேன்.

“குகை, டீச்சர். ரயில் உள்ளே போனதும் அம்மாவைக் காணவில்லை.”

கொல்லம் போகும் வழியில் பகவதிபுரம் தாண்டியதும் வரும் நீளமான குகைப்பாதை. ரயில் பெட்டியில் விளக்கு எரிந்திருக்காது. மூலையில் நின்ற வட்டம் அவள்தான்.

பயம் இருந்தது உண்மை. ஆனால் சாவைப் பற்றியதல்ல. அம்மா கண்ணில் படாமல் போவதைப் பற்றியது. மயக்கம் வரும்வரை அம்மா பக்கத்தில் நிற்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டிருக்கலாம். கண் விழிக்கும்போது அம்மா எங்கே இருப்பாள் என்று பிள்ளைக்குச் சொல்லியிருக்கலாம். அன்றே தீர்ந்திருக்கும் விஷயம்.

ஆகவே நிறத்துக்கு ஒரு பொருள் என்று பட்டியல் போட்ட தாள் எதைக் கண்டாலும் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. கிரேயான் பெட்டியில் கறுப்பு மட்டும் முனை மழுங்காமல் இருந்திருக்கலாம். வீட்டு ஆடு கறுப்பாக இருக்கலாம். “இது என்ன?” என்று அதட்டலாகவும் கேட்க வேண்டாம்; பரீட்சை என்று பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். “இதைப் பற்றிச் சொல்லு”, “இங்கே யார் நிற்கிறார்கள்?”, “அடுத்து என்ன நடக்கும்?” இவை போதும். சொன்னதைச் சொன்னபடியே படத்துக்குக் கீழே எழுதி, பிள்ளைக்கே படித்துக் காட்டுங்கள். தப்பு என்றால் அதுவே திருத்தும்.

இன்னொரு வழியும் உண்டு. பெரிய தாளில் பிள்ளையைப் படுக்கவைத்து உடம்பின் கோட்டை வரைந்து, டாக்டர் எங்கே சரிசெய்வார் என்று காட்டச் சொல்லுங்கள். அடிவயிற்றில் ஒரு சின்னக் கீறல்தான் போடப் போகிறார்கள் என்றிருக்க, கழுத்திலிருந்து கால்வரை வெட்டுக்கோடு போட்ட பையனை நான் பார்த்திருக்கிறேன். அவன் போட்ட கோட்டை அழிக்காமல், பக்கத்திலேயே உண்மை அளவை வரைந்து காட்டினேன்.

படத்தைத் திருத்துவது

கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

சொல்லில் சறுக்குவது

“மருந்து போட்டால் உடம்பு மரத்துப்போகும்” என்று ஒரு மாமா சொல்லிவைக்க, அவர் வீட்டு நான்கு வயதுக்காரி தன் விரல்களில் இலை வரைந்தாள். மரமாகிவிடுவாளாம்! “தூங்கவைத்துவிடுவார்கள்” என்பதும் சிக்கல்தான். தாத்தா தூங்கிவிட்டார் என்று அந்த வீட்டில் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். இது மருந்தால் வரும் தூக்கம், வேலை முடிந்ததும் டாக்டர் எழுப்பிவிடுவார் என்று முழுசாகச் சொல்லுங்கள். குறும்பு செய்ததற்குத் தண்டனை என்று நினைக்கும் பிள்ளைகளும் உண்டு. படத்தில் போலீஸ் வந்தால் மெதுவாக விசாரியுங்கள்; அப்போதும் முடிவுகட்ட வேண்டாம்.

வலிக்கவே வலிக்காது என்பது

பொய். விழித்ததும் தெரிந்துவிடும்.

பத்து நாள் முன்பே தொடங்குவது

நாலைந்து வயதுப் பிள்ளையிடம் ஆபரேஷனைப் பற்றிப் பேச இரண்டு மூன்று நாள் முன்பு தொடங்கினால் போதும். பத்து நாள் என்றால் பத்து ராத்திரி பயம்.

ஆபரேஷனோடு பெட்டியை மூடிவிடுவது

வீடு திரும்பிய பிறகுதான் நிறைய வரும். டாக்டருக்கு ஊசி குத்துவதுபோல் வரைந்தால் வரையட்டும். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால், நின்றுபோன படுக்கை நனைப்பு மீண்டும் தொடங்கி நீடித்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எந்தக் கை என்று கேட்காமல் விடுவது

சலைன் ஊசியை வரையாத கையில் போட முடியுமா என்று நர்ஸிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஒருமுறை நான் மறந்துவிட்டேன். பையன் இடக்கைக்காரன், இரண்டு நாளும் கிரேயான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னை முறைத்துக்கொண்டிருந்தான்.