கலாநிதிப் பட்டத்துக்குப் பார்க்க வேண்டியது பல்கலைக்கழகத்தின் பெயரா, மேற்பார்வையாளரா?

திருகோணமலையிலிருந்து ஒருவர் கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாடு போகிறார் என்றால், ஊரில் முதலில் எழும் கேள்வி "எந்தக் கம்பஸ்?" என்பதுதான், யாரிடம் ஆய்வு செய்யப் போகிறார் என்று கேட்பவர் அரிது. முதற்பட்டத்துக்கு அந்தக் கேள்வி பொருத்தமானதே, ஏனெனில் அங்கே ஒரு விரிவுரையாளர் சரியில்லாவிட்டாலும் மற்றவர்கள் ஈடுசெய்துவிடுவார்கள். கலாநிதிப் பட்டத்திலோ மூன்று முதல் ஆறு ஆண்டுகள் வரை ஒருவருடைய திருத்தத்திலும், அவருடைய பரிந்துரைக் கடிதத்திலும், பல வேளைகளில் அவர் பெற்ற ஆய்வு நிதியிலுமே தங்கியிருக்க நேரும். ஆகவே மேற்பார்வையாளரை முதலிலும், அவரைச் சூழ்ந்த துறையை அடுத்தும், பல்கலைக்கழகத்தின் பெயரைக் கடைசியிலும் பாருங்கள். இந்த ஒழுங்கை மாற்ற வேண்டிய சில நிலைமைகள் உண்டு. அவற்றுக்குப் பின்னர் வருகிறேன்.

உலகத் தரவரிசைப் பட்டியல்கள் முழுப் பல்கலைக்கழகத்தையும் ஒரே எண்ணுக்குள் அடக்கிவிடுகின்றன. கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்தில் விஞ்ஞானப் பட்டம் பெற்ற ஒருவர், நிலாவெளிக்கு அப்பால் கடலிலுள்ள புறாமலைத் தீவின் முருகைக்கற்பாறைகளை ஆராய விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலை மட்டும் பார்த்தால் அவுஸ்திரேலியாவில் மெல்பேர்ணும் சிட்னியும்தான் அவர் கண்ணில் படும். டவுன்ஸ்வில்லிலுள்ள ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகம் வெகு கீழே நிற்கும். ஆனால் முருகைக்கல் ஆய்வாளர்களிடையே முன்வரிசையில் பேசப்படுவது ஜேம்ஸ் குக் தான். அவுஸ்திரேலியக் கடலறிவியல் நிறுவனமும் அந்நகருக்கு அருகிலேயே இருக்கிறது. பெயரைப் பார்ப்பதானால் உங்கள் துறைக்குள் வழங்கும் பெயரையே பார்க்க வேண்டும். நீங்கள் ஆர்வத்தோடு படித்த கட்டுரைகளின் ஆசிரியர்கள் எங்கெங்கே பணிபுரிகிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால், எந்தத் தரவரிசையையும்விட அது நல்ல பட்டியலாக அமையும்.

அடுத்து, மேற்பார்வையாளராக நீங்கள் கருதும் ஆளை அறிய வேண்டும். கூகுள் ஸ்கொலரில் அவருடைய கடந்த ஐந்து ஆண்டுக் கட்டுரைகளை எடுத்து, மாணவர்களின் பெயர் முதலாவதாக வருகிறதா என்று பாருங்கள். முதலாசிரியர் என்ற இடத்தை மாணவருக்குக் கொடுக்கும் வழக்கம் துறைக்குத் துறை வேறுபடும் என்பதால், அதே துறையிலுள்ள வேறொருவரோடு ஒப்பிட்டே முடிவுக்கு வர வேண்டும். ஆய்வுக்குழுவின் இணையப் பக்கத்தில் முன்னாள் மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று எழுதியிருப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அதே பக்கத்தில் இருந்த ஒரு மாணவரின் பெயர் இப்போது எந்தப் பட்டியலிலும் இல்லையென்றால், அவர் இடைநடுவில் விலகியிருக்கலாம். அந்த மேற்பார்வையாளரிடம் படித்தவர்களின் ஆய்வேடுகள் கிடைத்தால் நன்றியுரையை வாசியுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை ஷோத்கங்கா தளத்தில் வழிகாட்டியின், அதாவது மேற்பார்வையாளரின், பெயரைக் கொண்டே தேடலாம். மேற்பார்வையாளருக்கு ஒரு வரிச் சம்பிரதாய நன்றியும், வரைவுகளை வரிவரியாகத் திருத்தியதற்காக வேறொருவருக்கு ஒரு பந்தி நன்றியும் இருந்தால், உண்மையில் மேற்பார்வை செய்தவர் யார் என்பது விளங்கிவிடும்.

இவை எல்லாவற்றையும்விடப் பயன் தருவது முன்னாள் மாணவர் ஒருவருக்கு எழுதும் மின்னஞ்சல். "பேராசிரியர் நல்லவரா?" என்று கேட்டால் "ஆம்" என்ற பதில்தான் வரும். "ஓர் அத்தியாயத்தின் வரைவை அனுப்பினால் எத்தனை நாளில் திருத்தம் கிடைத்தது? நிதி முடிந்த பின்னும் ஆய்வு முடியாதவர்களுக்கு என்ன நடந்தது? மீண்டும் தொடங்குவதானால் அவரிடமே சேர்வீர்களா?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதாமல், "தொலைபேசியில் பேசலாமா?" என்று ஒருவர் கேட்டால், கட்டாயம் பேசுங்கள். எழுத்தில் சொல்லத் தயங்கும் ஏதோ ஒன்று அவரிடம் இருக்கக்கூடும்.

புகழ்பெற்றவர் எல்லோரும் நல்ல மேற்பார்வையாளர் ஆகிவிடுவதில்லை. இருபது பேர் கொண்ட ஆய்வுகூடத்தில் உங்கள் அன்றாட மேற்பார்வை கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்திய ஆய்வாளர் ஒருவரின் கையில் இருக்கும். அவர் ஒப்பந்தம் முடிந்ததும் போய்விடுவார். இளம் உதவிப் பேராசிரியர் வாரந்தோறும் நேரம் ஒதுக்குவார், ஆனால் நிரந்தரம் கிடைக்காவிட்டால் அவரே வேறிடம் போகக்கூடும். ஓய்வை அண்மிப்பவரிடம் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குரிய திட்டத்தை வெளிப்படையாகக் கேட்பதில் தவறில்லை. இங்கிருந்து நேரில் போய்ப் பார்ப்பது பெரும்பாலும் இயலாது என்பதால், சேருவதற்கு முன் இரண்டு தடவையாவது காணொளியில் பேசிவிடுங்கள். நீங்கள் மறுத்துக் கேட்கும்போது அவர் எப்படிப் பதிலளிக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

நாட்டுக்கு நாடு நடைமுறையும் வேறு. பிரித்தானியா, அவுஸ்திரேலியா, ஜேர்மனி ஆகிய நாடுகளில் பொதுவாக விண்ணப்பத்துக்கு முன்பே மேற்பார்வையாளரின் சம்மதத்தைத் தேட வேண்டியிருக்கும். அமெரிக்காவில் பெரும்பாலும் துறையே மாணவரைச் சேர்த்துக்கொள்கிறது; உயிரியல் துறைகள் பலவற்றில் முதல் ஆண்டில் சில ஆய்வுகூடங்களில் மாறி மாறிப் பணியாற்றிய பின்னரே மேற்பார்வையாளர் முடிவாகிறார். அங்கே ஒருவரை மட்டும் நம்பிப் போகாமல், உங்களுக்குப் பொருந்தக்கூடிய மூவராவது உள்ள துறையைத் தெரிவுசெய்யுங்கள்.

இனி, பெயரை முன்னே வைக்க வேண்டிய நிலைமைகள். ஆய்வுப் பொருள் இன்னும் முடிவாகாதவருக்கும், பட்டத்தின் பின் பல்கலைக்கழகத்துக்கு வெளியே வேலை தேட எண்ணுபவருக்கும், பலரும் அறிந்த பல்கலைக்கழகமும் பெரிய துறையும் பாதுகாப்பானவை. இலங்கைக்குத் திரும்பி விரிவுரையாளராக விரும்புபவர், அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்ளுமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே உறுதிசெய்ய வேண்டும். மேற்பார்வையாளர் எவ்வளவு சிறந்தவராயினும் இதற்கு விலக்கு இல்லை. ஏற்கெனவே விரிவுரையாளராக இருந்து, பிணை எழுதிக் கற்கை விடுமுறையில் செல்பவருக்கோ காலமே பெருங்கவலை என்பதால், மேற்பார்வையாளரின் மாணவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள் என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும்.

அமெரிக்க இடங்களைப் பொறுத்தவரை இன்னொன்று. உடனே பதில் தரும்படி அவசரப்படுத்தினால் அஞ்ச வேண்டாம். நிதியுதவியோடு தரப்படும் இடத்துக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் கேட்டுக் கட்டாயப்படுத்துவதில்லை என்ற பொதுத் தீர்மானத்தில் பல பல்கலைக்கழகங்கள் ஒப்பமிட்டுள்ளன. முன்னாள் மாணவர்களின் பதில்கள் வந்துசேர அந்த அவகாசத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மறுக்க முடிவுசெய்த இடங்களுக்கு மட்டும் தாமதிக்காமல் எழுதிவிடுங்கள், காத்திருப்போர் பட்டியலிலுள்ள வேறொருவருக்கு அது போய்ச் சேரும்.