டிரெய்லரில் போகும் பாய்மரப் படகுக்கு ரேடார்: எங்கே தவறு நடக்கிறது?

அமெரிக்காவின் மெய்ன் கடற்கரையில் ஜூலை மாத மூடுபனியை ஒருமுறை பார்த்தவருக்கு ரேடார் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. தென்மேற்கிலிருந்து வரும் ஈரமான வெப்பக் காற்று மெய்ன் வளைகுடாவின் குளிர்ந்த நீர்மேல் பட்டதும் மூடுபனி கவிந்துவிடும். ராக்லேண்டில் படகை இறக்கும்போது எதிரே தீவுகள் பளிச்சென்று தெரியும். பெனப்ஸ்காட் விரிகுடாவைப் பாதி கடப்பதற்குள் சொந்தப் படகின் முன்முனையே மங்கிவிடும். சுற்றிலும் சிங்கி இறால் பிடிக்கும் படகுகள், அவற்றின் மிதவைகள், வைனல்ஹேவன் தீவுக்குப் போய்வரும் ஃபெரி என்று எல்லாமே அந்தப் பனிக்குள்தான்.

முன்பெல்லாம் 22 அடிப் படகில் ரேடார் என்பது நினைத்தும் பார்க்க முடியாதது. இன்று ரேமரின் குவாண்டம் போன்ற 18 அங்குல டோமின் (ரேடாரின் ஆண்டெனா அடங்கிய வட்டப் பெட்டி) எடை 5.6 கிலோதான், ஓடும்போது இழுப்பது சுமார் 17 வாட். ஆனால் கருவி சின்னதாகிவிட்டாலும், பொருத்துகிறவர்கள் இன்னும் 40 அடிப் படகைப் பார்த்துத்தான் பொருத்துகிறார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

முதல் தவறு உயரம். நானும் அதைத்தான் செய்தேன்: டோமைப் பாய்மரத்தின் முன்பக்கம், நீர்மட்டத்திலிருந்து 6 மீட்டரில் பொருத்தினேன். உயரம் கூடினால் தூரம் கூடும் என்பது உண்மைதான், எவ்வளவு கூடும் என்பதுதான் கேள்வி. கணக்கு எளிது. நம் ரேடாரின் உயரம், எதிர்ப் படகின் உயரம் இரண்டையும் மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தையும் கூட்டி 2.2 ஆல் பெருக்கினால் ரேடார் தொடுவானம் கடல் மைலில் கிடைக்கும். எதிர்ப் படகு 4 மீட்டர் என்றால், 6 மீட்டரில் இருக்கும் டோமுக்கு 9.8 மைல். அதையே 3 மீட்டரில் வைத்தால் 8.2 மைல். மூடுபனியில் ஐந்து நாட் (மணிக்கு ஐந்து கடல் மைல்) வேகத்தில் போகும் நமக்கு வேண்டியது சுற்றியுள்ள மூன்று மைல், அதிலும் முக்கியமாகக் கடைசி அரை மைல். அந்த 1.6 மைல் எதற்கும் உதவாது.

கிட்டத்தில் பார்ப்பதற்குத் தாழ்வான டோம்தான் நல்லது. ரேடார் கற்றையின் செங்குத்து அகலம் பொதுவாக 20 முதல் 25 டிகிரி. 25 டிகிரி கற்றை, டோமின் உயரத்தைப் போல் நாலரை மடங்கு தள்ளித்தான் நீரைத் தொடும். 6 மீட்டரில் இருந்தால் 27 மீட்டர் வரை பலவீனமான பகுதி, 3 மீட்டரில் இருந்தால் 14 மீட்டருக்கும் கீழே. கயாக்கில் வருகிறவரைப் பொறுத்தவரை இந்த வித்தியாசம் சின்னது இல்லை. உயரம் கூடக்கூட அலைகளின் எதிரொலியும் திரையில் அதிகமாகும்.

அப்புறம் எடை. டிரெய்லரில் ஏற்றும்போது பாய்மரத்தைச் சாய்த்து, நீரில் இறக்கும்போது மறுபடி நிமிர்த்த வேண்டும். டோம், பிராக்கெட், கேபிள் எல்லாம் சேர்ந்து 8 கிலோ என்று வையுங்கள். பாய்மரத்தின் சுழலும் அடியிலிருந்து அது 4.7 மீட்டர் தள்ளி இருக்கிறது. நிமிர்த்தும்போது நம் தோள் தாங்கும் இடம் 1.8 மீட்டரில். அந்த 8 கிலோ தோளுக்கு 20 கிலோவுக்கு மேல் கனக்கும். ஈரமான கேபின் கூரையில் நின்று, படகு இறக்கும் ராம்ப்பில் பின்னால் வரிசை நிற்க, தனியாளாக அதை நிமிர்த்திப் பார்த்தால்தான் தெரியும். படுக்கவைத்தாலும் நிம்மதி இல்லை. பின்பக்கம் சாய்த்த பாய்மரத்தில் டோம் மேலே உட்கார்ந்திருக்கும். கட்டு கொஞ்சம் தளர்ந்தால் பாய்மரத்தையே உருட்டிவிடும். கடலில் திசை மாறும் ஒவ்வொரு முறையும் முன்பாய் டோமில் உரசும். ஒரு சீசன் முடிவதற்குள் நான் அதைக் கழற்றிவிட்டேன்.

இந்த அளவுப் படகுக்கு, பின்முனையில் தனியாக நிறுத்தும் கம்பம்தான் என் தேர்வு. ஆனால் துளை போடும் முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. பாய்மரம் நடுக்கோட்டில்தான் பின்னால் சாயும், அதனால் கம்பம் ஒரு மூலையில் நிற்க வேண்டும். மோட்டார் தொங்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் என்றால் எடையும் சமமாகும். பூமை (பாயின் அடிவிளிம்பைப் பிடிக்கும் கம்பம்) இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, பாயின் பின்விளிம்பும் பின் இழுகம்பியும் இடிக்கின்றனவா என்று பாருங்கள். டோம் நிற்பவரின் தலைக்கு மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவரே மறைப்பாகிவிடுவார். மேக்னட்ரான் என்ற நுண்ணலைக் குழாய் உள்ள பழைய வகையாக இருந்தால் கையேட்டில் சொல்லியிருக்கும் பாதுகாப்புத் தூரத்தையும் திசைகாட்டித் தூரத்தையும் அப்படியே கடைப்பிடியுங்கள். அதற்குள் வலுவான காந்தம் இருக்கிறது.

கம்பத்தின் அடியில், உள்பக்கம், தடிமனான தாங்குதகடு வைக்காமல் வெறும் வாஷரோடு போல்ட்டை முடுக்குவதும் பரவலான தவறு. கடலைவிட நெடுஞ்சாலைதான் அதிகம் உலுக்கும். என் படகில் ஒரு நீண்ட பயணம் முடிந்து பார்த்தபோது, கம்பத்தின் அடியைச் சுற்றி ஃபைபர் பூச்சில் முடி போன்ற விரிசல்கள் சிலந்திவலை மாதிரி விரிந்திருந்தன. இப்போது உள்ளே தகடு இருக்கிறது, வண்டியில் கட்டும் முன் டோமைக் கழற்றிக் காரின் பின்சீட்டில் வைத்துவிடுகிறேன். போல்ட்டின் நீளத்தையும் கவனியுங்கள். கையேட்டில் உள்ளதைவிட நீளமான போல்ட் டோமின் அடித்தட்டையே உடைக்கும்.

அடிக்கடி கழற்றிப் பூட்டும் படகில் கேபிள் இணைப்புதான் முதலில் கெடும். இணைப்பு உலோகமுனையின் நிறத்தைப் பாருங்கள், பச்சை படிந்திருந்தால் உப்பு நீர் உள்ளே போய்விட்டது. கேபிள் தளத்துக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டு, பிறகு மேலேறி உள்ளே போகட்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மின்சாரத்தைப் பற்றிப் பலர் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். ரேடார், சார்ட்பிளாட்டர் (மின்னணு வரைபடத் திரை), விளக்கு, வானொலி எல்லாம் சேர்ந்து சுமார் 4 ஆம்பியர். 75 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியைப் பயன்படுத்தினாலே ஒன்பது மணி நேரம் ஓடும். உண்மையான சிக்கல் வேறு: அதே பேட்டரியில் மோட்டாரை ஸ்டார்ட் செய்தால் வோல்டேஜ் ஒரு கணம் விழுந்து, பனிக்கு நடுவே திரை அணைந்துவிடும். மோட்டாருக்குத் தனி பேட்டரி வைத்துவிடுங்கள். ரேடாருக்கான ஃபியூஸ் பேட்டரி அருகிலேயே இருக்கட்டும்.

பாய்மரப் படகுக்கே உரிய சிக்கல் சாய்வு. படகு 20 டிகிரி சாய்ந்தால் காற்று வரும் பக்கத்தில் கற்றை வானத்தைப் பார்க்கும், மறுபக்கம் தண்ணீருக்குள் போகும். திரை காலியாக இருப்பதால் கடலும் காலி என்று நினைத்துவிடக் கூடாது. தானாகச் சமநிலைக்கு வரும் தாங்கிகள் உண்டு, ஆனால் விலையும் எடையும் அதிகம். பாயைத் தளர்த்திப் படகை நிமிரவிட்டு, சில சுற்றுகள் பார்த்துக்கொண்டால் போதும்.

படகின் முனை பார்க்கும் திசையைச் சொல்லும் திசை உணரியை வாங்காமல் விடுவதும் தவறு. அது இல்லாவிட்டால் கருவி ஜிபிஎஸ் காட்டும் நகர்வுத் திசையை வைத்துத்தான் படத்தை வரைபடத்தின்மேல் போடும். நீரோட்டம் பலமான இடத்தில் நாம் பார்க்கும் திசை வேறு, நகரும் திசை வேறு. எதிர்ப் படகு ஓரிடத்தில் இருக்க, அதன் எதிரொலி வரைபடத்தில் வேறிடத்தில் தெரியும்.

ரேடார் பொருத்தியதும் கடமையும் கூடுகிறது. கடலில் கப்பல்களுக்கான 1972 சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளின் 7 ஆவது விதி, ரேடார் இருந்தால் அதை முறையாகப் பயன்படுத்தச் சொல்கிறது. 19 ஆவது விதியின்படி, மூடுபனியில் முன்பக்கம் ரேடாரில் தெரியும் கப்பலுக்காக, நாம் முந்திச் செல்வதாக இருந்தால் ஒழிய, இயன்றவரை இடப்பக்கம் திரும்பக் கூடாது. 1956 ஜூலை 25 இரவு நான்டுக்கெட் அருகே ஆண்ட்ரியா டோரியாவும் ஸ்டாக்ஹோமும் ஒன்றையொன்று ரேடாரில் பார்த்துக்கொண்டேதான் நெருங்கின. ஒன்று இடப்பக்கம் திரும்பியது, மற்றது வலப்பக்கம். 51 பேர் இறந்தார்கள். ரேடார் நமக்குக் கண் தருகிறதே தவிர, நம் ஃபைபர் படகை மற்றவர் திரையில் காட்டாது. அதற்கு எதிரொலிப்பான் தனியாக வேண்டும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையாவது ஹாரனும் ஊத வேண்டும்.

பொருத்தி முடித்ததும் வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்துக் கிளம்புங்கள். ராக்லேண்ட் அலைதடுப்புச் சுவரின் முனையில் உள்ள கலங்கரை விளக்கத்தை நேர் முன்னே வைத்து, திரையில் அதன் எதிரொலி நேர்கோட்டில் விழுகிறதா என்று பார்த்து அமைப்பைத் திருத்துங்கள். பிறகு கண்ணால் காணும் ஒவ்வொரு மிதவையையும் திரையில் தேடுங்கள். எந்த மிதவை எத்தனை தூரத்தில் மறைகிறது என்று நோட்டில் எழுதி வையுங்கள்.