அழித்தாலும் திரும்பி வரும் மால்வேரை வேரோடு எடுப்பது எப்படி?

அக்காவின் கணினியில் ஒரே மால்வேரை, அதாவது தீங்கு செய்யும் மென்பொருளை, மூன்று முறை அழித்தேன். ஆன்ட்டிவைரஸும் ஒவ்வொரு முறையும் 'நீக்கியாயிற்று' என்று பச்சை டிக் காட்டியது. அணைத்துப் போட்டால் பத்தே நிமிடத்தில் அதே விளம்பர ஜன்னல்! நான்காவது முறைதான் உறைத்தது: நான் கிள்ளிக்கொண்டிருந்தது கோரைப்புல்லின் இலையை. கிழங்கு வேறெங்கோ புதைந்திருந்தது.

கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். மெனுப் பெயர்கள் மட்டும் சற்று மாறலாம். உங்கள் கோப்புகளின் பெயர்கள் மாறி, பணம் கேட்டு மிரட்டல் வந்திருந்தால் அது ரான்சம்வேர். அதற்கு இந்த வழி உதவாது. வேறொரு கணினியில் 'நோ மோர் ரான்சம்' தளத்தைத் திறந்து, கோப்புகளின் பூட்டைத் திறக்கும் இலவசச் சாவி இருக்கிறதா என்று பாருங்கள்.

1. முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

திரையின் வலது கீழ் மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்' என்று எச்சரிக்கை வருகிறதா? பல நேரங்களில் அது மால்வேரே இல்லை. ஏதோ ஒரு தளத்தில் தெரியாமல் 'அலவ்' அழுத்தியிருப்பீர்கள். பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய், அறிமுகமில்லாத தளங்களை நீக்குங்கள். எச்சரிக்கை நின்றுவிட்டால் இத்துடன் வேலை முடிந்தது.

2. ஆவணங்களைப் பத்திரப்படுத்துங்கள்

படங்கள், ஆவணங்கள் மட்டும் வெளி டிரைவுக்குப் போகட்டும். மென்பொருள் கோப்பு எதுவும் வேண்டாம். டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்கும் கணினியாக இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியையும் தாளில் எழுதி வையுங்கள். பாதி வழியில் கணினி அதைக் கேட்டு நின்றுவிடக்கூடும்.

3. டிஃபெண்டரின் கண்கட்டை அவிழுங்கள்

டிஃபெண்டர் என்பது விண்டோஸுடனேயே வரும் ஆன்ட்டிவைரஸ். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, 'வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன்', 'மேனேஜ் செட்டிங்ஸ்' வழியாக 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' வரை இறங்குங்கள். ஸ்கேன் செய்ய வேண்டாம் என்று விலக்கிவைத்த ஃபோல்டர்களின் பட்டியல் அது. கெட்டிக்கார மால்வேர் தன் இருப்பிடத்தை அங்கே சேர்த்துவிடும். ஸ்கேன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. நீங்கள் சேர்க்காதது எது இருந்தாலும் நீக்குங்கள். அந்த முகவரியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

4. ஆஃப்லைன் ஸ்கேன்

டிஃபெண்டரை அப்டேட் செய்த பிறகு இணையத்தைத் துண்டியுங்கள். 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணினி மறுதொடக்கமாகி, விண்டோஸ் விழிப்பதற்கு முன்பே தேடல் நடக்கும். சுமார் 15 நிமிடம் ஆகும். விண்டோஸ் ஓடும்போது தன்னை மறைத்துக்கொள்ளும் மால்வேர், விண்டோஸே ஓடாதபோது வெறும் கோப்பாகக் கிடக்கும். அதுதான் இதன் பலம். முடிவு 'ப்ரொடெக்‌ஷன் ஹிஸ்டரி'யில் இருக்கும்.

5. கிழங்கைத் தேடுங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். 'ஸ்டார்ட்அப்' பகுதியில் பெயர் தெரியாததை முடக்குங்கள். ஆனால் என் அனுபவத்தில் அசல் ஆள் அங்கே இருப்பது குறைவு. குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் 'டாஸ்க் ஷெட்யூலர்' என்பதை ஸ்டார்ட் மெனுவில் தேடித் திறந்து, இடப்பக்கம் 'டாஸ்க் ஷெட்யூலர் லைப்ரரி'யைச் சொடுக்குங்கள். ஒவ்வொரு பணிக்கும் கீழே இரண்டு பகுதிகளைப் பாருங்கள்: எப்போது ஓடுகிறது என்று 'ட்ரிக்கர்ஸ்' சொல்லும், எதை ஓட்டுகிறது என்று 'ஆக்‌ஷன்ஸ்' சொல்லும்.

அக்காவின் கணினியில் 'சிஸ்டம் அப்டேட் ஹெல்ப்பர்' என்று சாதுவான பெயரில் ஒன்று இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும். ஆக்‌ஷன்ஸில் பார்த்தால் பவர்ஷெல் (விண்டோஸில் கட்டளைகளை ஓட்டும் கருவி), அதன் பின்னால் தலையும் வாலும் புரியாத ஒரு முழநீள எழுத்துச் சரம், ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் (மென்பொருள்கள் தங்கள் தரவை வைக்கும் மறைந்த இடம்) ஒரு முகவரி. 3ஆம் படியில் குறித்துவைத்த அதே முகவரி!

எடுத்த எடுப்பில் அழித்துவிடாதீர்கள். நல்ல மென்பொருள்களும் ஆப்டேட்டாவிலிருந்து ஓடுவதுண்டு. முதலில் 'டிஸேபிள்' செய்யுங்கள். தொந்தரவு நின்றது உறுதியானதும் 'டிலீட்'.

6. சேஃப் மோடில் அழியுங்கள்

சேஃப் மோடில் விண்டோஸ் அவசியமானவற்றை மட்டுமே ஓட்டும். அதற்குள் போக, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்', மறுபடி ரீஸ்டார்ட், பிறகு எண் 4. 3ஆம் படியில் குறித்த முகவரியில் உள்ள மால்வேர் ஃபோல்டரை அழியுங்கள். 'வேறு நிரல் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது' என்று முன்பு அழிய மறுத்திருந்தாலும் இங்கே பெரும்பாலும் சத்தமில்லாமல் போய்விடும். ஆப்டேட்டா கண்ணில் படாவிட்டால், 'வியூ' மெனுவில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள்.

7. பிரவுசர், ப்ராக்ஸி

பிரவுசரில் தெரியாத எக்ஸ்டென்ஷன்களை (கூடுதல் இணைப்பு நிரல்களை) நீக்குங்கள். சொந்தக் கணினியில் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்று குரோம் சொன்னால், ஏதோ ஒரு மென்பொருள் அதில் விதி எழுதியிருக்கிறது. சில ஆன்ட்டிவைரஸ்களும் அப்படிச் செய்யும். அது இல்லையென்றால் மால்வேரையே சந்தேகப்பட வேண்டும். நெட்வொர்க் செட்டிங்ஸில் நீங்கள் வைக்காத ப்ராக்ஸி (உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு கணினி வழியாகத் திருப்பும் அமைப்பு) இருந்தால் அணைத்துவிடுங்கள்.

8. கடவுச்சொற்கள்

இவற்றை இந்தக் கணினியில் மாற்றாதீர்கள். சுத்தமான போனில் மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி. கூடவே 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் கொடுங்கள். நீங்கள் உள்நுழைந்திருப்பதைப் பிரவுசர் நினைவில் வைக்கும் குக்கீயைத் திருடியவனுக்குக் கடவுச்சொல்லே தேவையில்லை.

9. இன்னும் வருகிறதா?

இரண்டு நாள் கழித்தும் தலைகாட்டினால் மல்லுக்கட்ட வேண்டாம். வேறொரு சுத்தமான கணினியில் மைக்ரோசாஃப்டின் 'மீடியா கிரியேஷன் டூல்' இறக்கி, குறைந்தது 8 ஜிபி உள்ள பென்டிரைவில் விண்டோஸை ஏற்றுங்கள். பென்டிரைவில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும், கவனம். அதிலிருந்து துவக்கி, கணினி டிரைவின் பழைய பார்ட்டிஷன்களை (பிரிவுகளை) நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவுங்கள்.

பத்திரப்படுத்திய ஆவணங்களை ஸ்கேன் செய்த பிறகே திரும்பக் கொண்டுவாருங்கள். பழைய டவுன்லோட்ஸ் ஃபோல்டர் மட்டும் வேண்டவே வேண்டாம். அக்கா இறக்கிய 'இலவச பிடிஎஃப் கன்வர்ட்டர்' அங்கேதான், இன்னொரு இரட்டைச் சொடுக்குக்காகக் காத்திருந்தது.