படம் நூறு, புலி எத்தனை? தானியங்கி கேமரா கணக்கெடுப்பு, படிப்படியாக

நூறு படம் விழுந்தால் நூறு புலி என்று அர்த்தமில்லை. ஒரே புலி திரும்பத் திரும்ப நடந்திருக்கும். சிக்காமலே போனவையும் உண்டு. மறுபடி சிக்கியவற்றை வைத்துச் சிக்காதவற்றை மதிப்பிடுவதுதான் வேலை. உடல் வரியோ புள்ளியோ உள்ள புலி, சிறுத்தைக்கு இது சரிவரும்; கடமானுக்கு வராது.

1. இடம் தேர்வு

புலிக்கு 2 சதுர கி.மீ. கட்டத்துக்கு ஓர் இடம் போதும். கட்டத்தின் நட்டநடுவே கட்டாதீர்கள். எச்சம், நகக்கீறல், காலடித் தடம் உள்ள பாதையோ ஓடைப் படுகையோ பாருங்கள். ஒரு பெண் புலி உலவும் பரப்பே கேமராக்களுக்கு இடையில் அடங்கிவிடும் அளவுக்கு இடைவெளி விடக்கூடாது.

2. கேமரா கட்டுதல்

ஓர் இடத்துக்கு இரண்டு கேமரா. இடது விலா வரியும் வலது விலா வரியும் வேறு வேறு. ஒரு பக்கம் மட்டும் எடுத்தால், இந்த இடப்பக்கமும் அந்த வலப்பக்கமும் ஒரே புலியுடையதா என்று சொல்ல வழியில்லை. தரையிலிருந்து 40-45 செ.மீ. உயரம், பாதையின் நடுவிலிருந்து 3-4 மீட்டர் தூரம். நேருக்கு நேர் வைத்தால் ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் படத்தை வெளுத்துவிடும். சற்றுத் தள்ளிக் கட்டுங்கள். எதிரே உள்ள புல்லை வெட்டுங்கள். வெயிலில் சூடேறிய புல் காற்றில் ஆடினாலே சென்சார் ஏமாந்து மெமரி கார்டை நிரப்பிவிடும். கடைசியாக, குனிந்து நடந்து சோதியுங்கள்.

பேட்டரி மாற்றும்போது தேதி, நேரம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

3. எத்தனை நாள்?

45 முதல் 60 நாள். அதற்கு மேல் இழுத்தால் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு எல்லாம் நுழைந்துவிடும். கேமரா வேலை செய்யாத நாளைத் தனியே குறியுங்கள். இல்லாவிட்டால் அன்று புலி வரவில்லை என்றே கணக்கு எடுத்துக்கொள்ளும்.

4. அடையாளம் காணுதல்

விலா, தோள், பின்னங்கால் மூன்றிலும் வரிகளை ஒப்பிடுங்கள். இருவர் தனித்தனியே பார்ப்பது நல்லது. ஒரே புலியை இரண்டாக எழுதினால் எண்ணிக்கை ஊதிப்போகும். ஒரு வயது நிரம்பாத குட்டிகளை வழக்கமாகச் சேர்ப்பதில்லை.

5. கணக்கு

முதல் பாதியில் 12 புலி, இரண்டாம் பாதியில் 10, இரண்டிலும் வந்தவை 6 என்று வையுங்கள். மறுபடி சிக்கியவற்றை வைத்து மொத்தத்தை மதிப்பிடும் சாப்மன் சூத்திரப்படி, மூன்று எண்ணோடும் ஒன்று கூட்டினால், (13 × 11 ÷ 7) − 1 = 19.4. பார்த்தது 16, மதிப்பீடு சுமார் 19.

ஆனால் இந்த 19 எவ்வளவு பரப்புக்கு? எல்லையோரப் புலி வெளியேயும் உலவுமே. அதனால்தான் இப்போது ஒவ்வொரு படமும் விழுந்த இடத்தையும் கணக்கில் சேர்க்கும் எஸ்.இ.சி.ஆர். (SECR, spatially explicit capture-recapture) முறை. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் இதே பெயரில் தொகுப்பு இருக்கிறது. எந்தப் புலி எங்கே, எப்போது சிக்கியது, கேமராக்களின் ஆயத்தொலைவு, நீர்த்தேக்கமும் ஊரும் நீக்கிய காட்டு வரைபடம் ஆகியவற்றைக் கொடுங்கள். 100 சதுர கி.மீ.க்கு எத்தனை என்ற அடர்த்தி, பிழை வரம்போடு வரும். அறிக்கையில் இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.