முதல்முறை வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் வாடகை வசூலிப்பது எப்படி?

கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் பக்கம் மாடியில் ஒரு போர்ஷன் கட்டினால் ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. சிப்காட் தொழிற்பேட்டைக்கும், ஆந்திர எல்லை தாண்டி ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கும் வேலைக்குப் போகிறவர்கள் வீடு தேடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். மனக்கசப்பு இல்லாமல் மாதாமாதம் வாடகை வாங்கப் பழக வேண்டும். அதில் பாதி வேலையைச் சாவி கொடுக்கும் முன்பே முடித்துவிடலாம்.

முதலில் ஒப்பந்தம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி அது எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். அட்வான்ஸை மூன்று மாத வாடகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வருகிறவருக்குத் தமிழ் படிக்க வராதென்றால், தெலுங்கிலோ இந்தியிலோ வரிவரியாகச் சொல்லிப் புரியவைத்த பிறகே கையெழுத்து வாங்குங்கள். இதை மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள்.

அடுத்து, தேதி. சம்பளம் என்றைக்கு வரும் என்று கேளுங்கள். ஏழாம் தேதி வருமென்றால் வாடகைக்குப் பத்தாம் தேதி வையுங்கள். ஒன்றாம் தேதி என்று எழுதிவிட்டு, சம்பளம் வராத மனிதர் வாசலில் போய் நிற்பது இரண்டு பேருக்குமே சங்கடம்.

கரண்டுக்குத் தனி சப்-மீட்டர் போடுங்கள். குடிவருகிற அன்றே ரீடிங்கை அவர் முன்னால் போட்டோ எடுத்து அவருக்கும் அனுப்புங்கள். யூனிட்டுக்கு எவ்வளவு, தண்ணீருக்கு எவ்வளவு என்பதும் ஒப்பந்தத்திலேயே வரட்டும். வாடகையைவிட கரண்டு கணக்கில்தான் சண்டை அதிகம் வருகிறது.

பணம் ஜிபேயில் வந்தாலும் ரசீது கொடுங்கள். கார்பன் வைத்த ரசீதுப் புத்தகம் போதும். இப்படி எழுதலாம்: ‘அக்டோபர் வாடகை 6,000, கரண்டு 62 யூனிட், தண்ணீர் 200, பாக்கி இல்லை.’ ரொக்கமாக 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போடுங்கள். அந்த ‘பாக்கி இல்லை’ என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். குடியிருப்பவருக்கு அது பெரிய நிம்மதி.

தேதி தாண்டினால் இரண்டு நாள் பொறுத்து ஒரு மெசேஜ் போடுங்கள், அப்புறம் நேரில் போய்ப் பேசுங்கள். பக்கத்து போர்ஷன்காரர் காதில் விழும்படி கேட்காதீர்கள். பாதிதான் கொடுக்க முடிகிறது என்றால் வாங்கிக்கொண்டு, மீதி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று ரசீதிலேயே எழுதிவிடுங்கள். கரண்டையோ தண்ணீரையோ நிறுத்துவது சட்டப்படியும் தப்பு, மனசாட்சிப்படியும் தப்பு. இரண்டு மாதம் பாக்கி நின்றால் எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் வாடகை நீதிமன்றத்தில் மனு போடலாம். நீங்கள் எழுதிவைத்த ஒப்பந்தமும் ரசீது நகல்களும் அங்கே உதவும்.