ஹெபடைடிஸ் பி: ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படிக்கும் முறை

கர்ப்பகாலப் பரிசோதனையிலோ ரத்ததான முகாமிலோ ‘எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ்’ என்று வந்துவிட்டால், அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கத்தில் பல வீடுகளில் அதை மஞ்சள் காமாலை என்றே எண்ணிக் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கல்லீரலில் தொற்றும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் இருக்கிறது என்பதைத் தவிர அந்த வரி வேறொன்றும் சொல்வதில்லை. அதே முடிவு ஆறு மாதத்துக்கு மேலும் நீடித்தால் தொற்று நாள்பட்டது என்று பொருள்.

அடுத்து, கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் நொதியான எஸ்.ஜி.பி.டி.யின் அளவைப் பாருங்கள். இந்த வைரஸ் கல்லீரல் செல்லைத் தானாகப் பெரிதும் சிதைப்பதில்லை. வைரஸ் புகுந்த செல்லை நம் நோய் எதிர்ப்பு அணுக்கள் தாக்கி உடைக்கும்போதுதான் இந்த நொதி ரத்தத்தில் கலக்கிறது. மதுவும் கல்லீரல் கொழுப்பும்கூட இதை உயர்த்தும் என்பதால், இதைத் தனியாக வைத்து முடிவு கட்டக் கூடாது. ஆய்வகங்கள் பெரும்பாலும் 40 வரை இயல்பு என்று அச்சிடுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டியோ ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என்று வரம்பிடுகிறது. முக்கூடலில் பீடி சுற்றும் ஒரு பெண்ணுக்கு 32 என்று வந்தால், ‘நார்மல்’ என்ற அச்சை நம்பி அறிக்கையை மடித்து வைத்துவிடக் கூடாது என்பதே என் கருத்து.

வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவை, எஸ்.ஜி.பி.டி.யோடு சேர்த்தே படிக்க வேண்டும். பிறப்பிலேயே தொற்று பெற்ற இளவயதினருக்கு வைரஸ் கோடிக்கணக்கில் இருந்தும் எஸ்.ஜி.பி.டி. இயல்பாக இருக்கலாம், அவர்களுடைய எதிர்ப்பு ஆற்றல் இன்னும் தாக்கத் தொடங்கவில்லை. வைரல் லோடு ஒரு மில்லிலிட்டருக்கு 2,000 ஐ.யூ.க்கு மேல் இருந்து, எஸ்.ஜி.பி.டி.யும் வரம்பைத் தாண்டியிருந்தால் சிகிச்சை குறித்து மருத்துவரிடம் பேச வேண்டும். வைரஸ் வேகமாகப் பெருகும்போது காணப்படும் ‘எச்.பி.இ.ஏ.ஜி.’ புரதம் மறைந்து, அதற்கு எதிரான ‘ஆன்டி-எச்.பி.இ.’ தோன்றுவது பெரும்பாலும் நல்ல திருப்பம். ஆனாலும் உருமாறிய வைரஸ் அதன்பின்னும் பெருகக்கூடும் என்பதால் கண்காணிப்பை விடக் கூடாது. மேலுறைப் புரதத்துக்கு எதிராக உடல் உண்டாக்கும் ‘ஆன்டி-எச்.பி.எஸ்.’ 10க்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு. தடுப்பூசி போட்டுக்கொண்டவருக்கும் அது வரும்.

ஒரு நாள் எண்ணைவிட மாதக் கணக்கில் அது ஏறி இறங்கும் போக்கே மருத்துவருக்கு உதவும். ஆகவே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவமனைக்குச் செல்லும்போது பழைய அறிக்கைகளைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். 2018இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் அரசு சிகிச்சை மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் டெனோஃபோவிர் மாத்திரை எடுத்து எண்கள் இறங்கியபின், குணமாகிவிட்டது என்று நினைத்துத் தாமாகவே மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு வைரஸ் மீண்டும் பெருகி, எஸ்.ஜி.பி.டி. பல நூறாக எகிறிக் கல்லீரலே செயலிழக்கவும் கூடும். நிறுத்தும் முடிவை மருத்துவரிடமே விட்டுவிடுங்கள்.