பந்திங் பக்கம் சைக்கிள் ஓட்ட: தோட்டத்துச் சடக்கும் கடலோரப் பாதையும்

"அண்ணே, காடித் (வாகனத்) தொல்லை இல்லாத சடக்கு (சாலை) எது?" மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் பந்திங்குக்கு சைக்கிளோடு வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது இதுதான். என்றைக்கு, எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆள் அரவமே இல்லாமல் கிடக்கும் அதே மண்சடக்கில், செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு செம்பனைக் (எண்ணெய்ப்பனைக்) குலை ஏற்றிய லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும். நான் இந்த வட்டாரத்தில் குலை லோரி ஓட்டியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவன். வேலையை விட்ட பிறகுதான் சைக்கிள் வாங்கினேன். தோட்டத்து நேரம் தெரிந்தால்தான் அந்தச் சடக்கில் நிம்மதியாக ஓட்ட முடியும். அதனால் பாதையைச் சொல்வதற்கு முன் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

விடிவதற்கு முன்பே பெரட்டு (வேலைக்கு முன் ஆட்களைக் கூட்டிப் பேர் பதிவது) முடிந்து ஆட்கள் செம்பனைக் காட்டுக்குள் போய்விடுவார்கள். காலையில் குலை வெட்டு, பிறகு வெட்டியதைச் சடக்கோரத்துக்குக் கொண்டுவந்து அடுக்குவது. லோரிக்கு உண்மையான வேலை அதற்கு அப்புறம்தான். வெட்டிய குலை கிடக்கக் கிடக்க எண்ணெயில் புளிப்பு ஏறும். 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எல்லாரும் அவசரப்படுவார்கள். ஆகவே முற்பகலிலிருந்து இருட்டும் வரை லோரி நடமாட்டம் இருக்கும். காய்ப்பு அதிகமான மாதங்களில் இரவிலும் ஓடும். வேலை நாளில் போவதென்றால் காலை ஏழரைக்குக் கிளம்பி பத்து மணிக்குள் தோட்டத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஞாயிறு பெரும்பாலும் ஓய்வு நாள். ஆனாலும் ஓவர்டைம் வெட்டு இருக்கலாம். சடக்கோரத்தில் புதுக்குலை அடுக்கியிருந்தால் லோரி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் ஏழு மணிக்கு மேல்தான் வெளிச்சம் வருகிறது. ஆறு மணிக்கே கிளம்ப ஆசைப்பட்டால் முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். பெரட்டுக்குப் போகிறவர்கள் பலர் விளக்கில்லாத மோட்டாரில் வருவார்கள். இருட்டில் அவர்களுக்கு உங்களைத் தெரியாது, உங்களுக்கு அவர்களைத் தெரியாது.

சரி, இப்போது பாதை.

முதன்முதலில் வருகிறவர்களை நான் ஜுக்ரா பக்கம்தான் அனுப்புவேன். தார்ச்சாலை, கம்பத்து (கிராமத்து) வீடுகள், தென்னை, வாழை, இடையிடையே செம்பனை. ஒரு காலத்தில் சிலாங்கூர் சுல்தான்கள் இருந்த ஊர் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இஸ்தானா பண்டாரும் அலாவுடின் பள்ளிவாசலும் இன்னும் நிற்கின்றன. அரண்மனை வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சற்று நேரம் சுற்றிப் பாருங்கள், அவசரப்பட வேண்டாம். பிறகு புக்கிட் ஜுக்ராவில் ஏறலாம். சிறிய மலைதான், ஆனால் செங்குத்து. தட்டையான இந்தக் கரையோரத்தில் கால்களுக்கு வேலை கொடுக்கும் ஒரே ஏற்றம் என்று சொல்லலாம். மேலே கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்திலிருந்து பார்த்தால் லங்காட் ஆறு வளைந்து வளைந்து மலாக்கா நீரிணைக்குப் போவது முழுதாகத் தெரியும். இறங்கும்போது பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள்.

இரண்டாவது, கடலோரம். மோரிப், பத்து லாவுட், தஞ்சோங் செப்பாட். பந்திங்கிலிருந்து போய்த் திரும்ப ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வரும். ஐந்தாம் எண் கூட்டரசு சாலையிலேயே முழுத் தூரமும் போகாதீர்கள். விடுமுறை நாளில் மோரிப்புக்குப் போகும் காடிகள் அதிகம். முடிந்த இடத்திலெல்லாம் கம்பத்துச் சடக்குகளுக்குள் நுழைந்து வெளியே வாருங்கள். இந்தக் கரையில் காலையில் காற்று அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏறக் கடற்காற்று கிளம்பும். தெற்கே போகும்போது சுகமாக இருந்ததை நம்பித் தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிடாதீர்கள். தஞ்சோங் செப்பாட்டில் பாவும் (ஆவியில் வேகவைத்த சீன ரொட்டி) கோப்பியும் கிடைக்கும். நன்றாகப் பசியாறிவிட்டுத் திரும்புங்கள்.

மோரிப்பைத் தாண்டும்போது ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும். 1945 செப்டம்பர் 9 அன்று பிரிட்டிஷ் இந்தியப் படை இந்தக் கரையில்தான் இறங்கியது. மணல் கெட்டியாக இருக்கும் என்று நம்பி இறக்கிய வண்டிகள் பல சேற்றில் மாட்டிக்கொண்டன. அதே கடல் களிமண்தான் இந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கு அடியிலும் இருக்கிறது. மேலே கொட்டிய செம்மண்ணும் கல்லும் காய்ந்திருந்தால் சடக்கு கெட்டி. கல் கரைந்து களிமண் வெளியே வந்த இடத்தில் ஒரு மழை பெய்தாலும் போதும், சக்கரம் சுற்றாத அளவுக்கு மண் ஒட்டிக்கொள்ளும். முந்தின இரவு மழை பெய்திருந்தால் மண்சடக்கை விட்டுவிட்டுத் தார்ச்சாலையில் போங்கள்.

மூன்றாவது பாதை கேரித்தீவு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய தூரம் செம்பனை. தண்ணீரை வெளியேற்றக் கான் (வாய்க்கால்) வெட்டி, கடல் உள்ளே வராமல் வரப்பு கட்டி உருவாக்கிய தோட்டம். சுங்கை பும்புன் கம்பத்துக்குப் போகும் பெரிய சடக்கில் தாராளமாகப் போகலாம். அங்கே பூர்வகுடிகளான மா மெரி மக்கள் இருக்கிறார்கள், மரச்சிற்பத்தில் பேர் எடுத்தவர்கள். செதுக்குகிறவரைப் படம் பிடிப்பதற்கு முன் கேளுங்கள். மர வரிசைகளுக்கு நடுவே நட்ட கழியின் மேல் மரப்பெட்டி தெரிந்தால் அது ஆந்தைக்கு வைத்தது. எலியைப் பிடிக்கத் தோட்டமே கூடு கட்டிக் கொடுத்திருக்கிறது. பக்கத்தில் போய்த் தட்டிப் பார்க்கும் வேலை வேண்டாம்.

கிளைச் சடக்குகள் தோட்டத்துக்குச் சொந்தமானவை. கேட் இருந்தால் இறங்கி, தொப்பியைக் கழற்றி, "போலே லாலு, பாங்?" (போகலாமா, அண்ணே?) என்று கேளுங்கள். காவலர் நேப்பாளியாக இருந்தாலும் இந்த அளவு மலாய் புரியும். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டுத் திரும்புங்கள், பக்கத்துக் கான் மேல் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். நீங்கள் செய்யும் அந்த ஒரு காரியத்தால் அடுத்து வருகிற பத்துப் பேருக்குக் கேட் திறக்காது. லயத்துக்கு (தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) நடுவே போகும்போது மெதுவாக ஓட்டுங்கள், பிள்ளைகளும் கோழியும் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. மாரியம்மன் கோவில் குழாயில் தண்ணீர் பிடிப்பதென்றால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், நம்மவர்கள்தானே.

லோரி எதிரே வந்தால் என்ன செய்வது? இதை நன்றாகப் படியுங்கள். ஓட்டுநர் வலது பக்கம் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். லோரியின் இடது முன்மூலையை ஒட்டி நீங்கள் நின்றால் அவருக்குத் தெரியவே தெரியாது. பாரம் ஏற்றிய லோரி நினைத்த இடத்தில் நிற்காது. மண்சடக்கில் அழுத்திப் பிரேக் பிடித்தால் வழுக்கும். திருப்பத்தில் பின்சக்கரம் உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும், அதனால் திருப்பத்தின் உள்பக்கம் நிற்கவே கூடாது. சத்தம் கேட்டதும் காய்ந்த ஓரமாகப் பார்த்து ஒதுங்கி, காலை ஊன்றி, ஓட்டுநர் முகத்தைப் பார்த்துக் கையைத் தூக்குங்கள். அவர் கையைக் காட்டினால் உங்களைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். அந்தக் கைச்சைகை கிடைத்தால் எங்களுக்கு எவ்வளவு நிம்மதி என்பது லோரி ஓட்டியவனுக்குத்தான் தெரியும். லோரி போன பிறகும் புழுதி அடங்கும் வரை நில்லுங்கள், பின்னால் இன்னொன்று வரலாம்.

ஆலைக்குப் போகும் திருப்பங்களில் உதிரிப்பழம் கொட்டிக் கிடக்கும். சக்கரம் ஏறி நசுங்கி அந்த இடமே எண்ணெய் பூசியது போல இருக்கும். அங்கே சாய்ந்து திரும்பாதீர்கள். குலை வெட்டுகிற மரத்துக்குக் கீழே போகாதீர்கள். ஒரு குலை இருபது கிலோவுக்கு மேலும் இருக்கும், நீளக் கழியில் கட்டிய அரிவாளும் மேலே இருக்கிறது. முதுகில் டாங்கி மாட்டி மருந்து அடிப்பவர்களைக் கண்டால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

புகைமூட்டக் காலத்தில் பந்திங்கின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பாருங்கள். 100-ஐத் தாண்டினால் அன்றைக்கு வேண்டாம். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடி அதிகம். மேகம் கறுத்தால் செம்பனைக்குக் கீழே ஒதுங்காமல் கடையோ பள்ளியோ பார்த்து நில்லுங்கள்.

சைக்கிள் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. டயர் மட்டும் 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். இரண்டு டியூப், பம்பு, சின்ன இடுக்கி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இடுக்கி எதற்கென்றால், வெட்டிப் போட்ட செம்பனை மட்டையின் அடியில் இரண்டு பக்கமும் முள் இருக்கும். அது டயரில் ஏறி முனை ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும். அன்றைக்குக் காற்று இறங்காது, நாலு நாள் கழித்து இறங்கும். வீட்டுக்கு வந்ததும் களிமண் காய்வதற்குள் கழுவி, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே டயரைத் துணியால் துடையுங்கள். துணி மாட்டுகிற இடத்தில்தான் முள். இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். சாய்த்து இழுத்தால் மறுபடி ஒடியும்.